ஆலும் அத்தியும் அவற்றை நம்பிய கூட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரினங்கள் ஒன்றையொன்று எப்படிச் சார்ந்திருக்கின்றன, அந்தச் சார்பு ஒரு காட்டையே எப்படி உருவாக்கிவிடுகிறது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது ஆலமரத்தைத்தான். புலி, யானையை எதிர்பார்த்து வந்தவர்களுக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கும். ஆனால் ஆல், அரசு, அத்தி, இச்சி, பேயத்தி எல்லாம் சேர்ந்த இந்த ஒரே குடும்பத்தைக் கவனித்தாலே போதும். கொடுக்கல் வாங்கல், ஏமாற்று, ஒட்டுண்ணித்தனம், ஆக்கிரமிப்பு எல்லாம் அதற்குள் இருக்கின்றன. உலகம் முழுவதும் இந்தப் பேரினத்தில் 750க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. கீழே வருபவை அடிக்கடி எழும் கேள்விகள்.

அத்தி உண்மையிலேயே பூக்காதா?

பூக்கிறது, ஏராளமாக. நாம் காய் என்று நினைப்பதுதான் பூங்கொத்து. சதைப்பற்றுள்ள ஒரு பை உள்பக்கமாக மடங்கி மூடிக்கொண்டிருக்கிறது. அதன் உட்சுவர் முழுக்கப் பொடிப்பொடியாகப் பூக்கள், இனத்தைப் பொறுத்து சில நூறு முதல் ஆயிரக்கணக்கில். இளங்காய் ஒன்றைக் குறுக்கே அறுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும். காம்புக்கு எதிர்முனையில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதையும் செதில்கள் அடைத்திருக்கும். அந்தத் துளைதான் இந்தக் கதைக்கு வாசல்.

அவ்வளவு சின்னத் துளை வழியாக மகரந்தம் எப்படி உள்ளே போகும்?

காற்றால் முடியாது, தேனீயாலும் முடியாது. முடிவது அத்திக் குளவிக்கு மட்டும். குளவி என்றதும் வீட்டு நிலைப்படியில் மண்கூடு கட்டும் குளவியை நினைக்க வேண்டாம். இது ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்தான். கொசுவைவிடச் சிறியது, மனிதரைக் கொட்டாது.

பெண்குளவி செதில்களுக்கு இடையே நெருக்கித் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறது. போகிற வழியிலேயே இறக்கைகள் பிய்ந்துவிடும்; உணர்கொம்பின் நுனியும் பல சமயம் உடைந்துவிடும். இனி அது வெளியே வரப்போவதில்லை. கொண்டுவந்த மகரந்தத்தை உள்ளிருக்கும் பெண்பூக்களில் சேர்க்கிறது. அதே பூக்களில் சிலவற்றின் சூலுக்குள் முட்டையும் இடுகிறது. பிறகு அங்கேயே இறந்துபோகிறது.

முட்டையிட்ட பூ வீங்கிக் குளவிக் குஞ்சுக்குக் கூடாகிறது, மற்றவை விதையாகின்றன. சில வாரங்கள் கழித்து ஆண்குளவிகள் முதலில் வெளிப்படும். அவற்றுக்கு இறக்கையே கிடையாது. பிறந்த பையிலேயே, இன்னும் கூட்டுக்குள் இருக்கும் பெண்குளவிகளோடு இணைசேர்ந்து, வெளியே போக ஒரு சுரங்கமும் தோண்டிக் கொடுத்துவிட்டு இறந்துவிடும். வெளியுலகத்தில் அவற்றுக்கு வேலை இல்லை. சரியாக இந்த நேரத்தில்தான் அதே பைக்குள் ஆண்பூக்கள் மலர்ந்து மகரந்தம் தருகின்றன. பெண்குளவிகள் அதைச் சுமந்துகொண்டு சுரங்கம் வழியாகப் பறந்துபோகின்றன. அதற்குப் பிறகுதான் பை பழுக்கிறது. பறவைக்கும் குரங்குக்கும் அழைப்பு போகிறது.

இந்த வரிசையைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல பதில்கள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

அப்படியென்றால் அத்திப்பழத்தோடு செத்த குளவியையும் சேர்த்துத் தின்கிறோமா?

கடையில் விற்கும் பெரிய சீமை அத்தியில் பெரும்பாலும் இல்லை. இந்தியாவில் பயிராகும் வகைகள், புனே பக்கத்துப் புரந்தர் அத்தி உட்பட, மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்ப்பவை. நம் ஆற்றங்கரை நாட்டு அத்தி வேறு சங்கதி. அதைப் பிட்டால் பூச்சி இருக்கவே செய்யும். நன்றாகப் பழுத்ததைப் பிட்டு, தட்டி, ஊதிவிட்டுத் தின்பதுதான் கிராமத்து வழக்கம். தின்றுவிட்டாலும் ஒன்றும் ஆகாது.

மரத்துக்கு விதை, குளவிக்குக் குஞ்சு. இதை நட்பு என்று சொல்லலாமா?

பாடப்புத்தகம் இதை ஒருவருக்கொருவர் உதவும் உறவு என்று எழுதும். விளைவு அப்படித்தான், உள்ளே நடப்பது கறாரான பேரம். எல்லாப் பூவிலும் முட்டையிட்டால் குளவிக்கு லாபம், மரத்துக்கு ஒரு விதைகூட மிஞ்சாது. ஆலிலும் நாட்டு அத்தியிலும் இரண்டும் ஒரே காயில் நடக்கின்றன; சில பூக்களின் சூலைக் குளவியின் முட்டையிடும் ஊசி எளிதில் எட்டுகிறது, சிலவற்றை எட்டுவது கடினம். பாதி எனக்கு, பாதி உனக்கு என்ற மாதிரி ஒரு கணக்கு நிலைக்கிறது.

பேயத்தியில் ஏற்பாடு இன்னும் கொடுமையானது. அதில் ஆண்மரம், பெண்மரம் தனித்தனி. பெண்மரத்துக் காய்க்குள் போன குளவி மகரந்தத்தைச் சேர்த்துவிடும், ஆனால் அங்குள்ள பூக்களில் அதனால் முட்டையிட முடியாது. குஞ்சில்லாமலே சாகும். ஆண்மரத்தில்தான் அடுத்த தலைமுறைக் குளவி வளரும். வெளியிலிருந்து பார்க்கையில் இரு மரத்துக் காய்களையும் குளவியால் பிரித்தறிய முடிவதில்லை போலும், இன்றுவரை ஏமாந்துகொண்டிருக்கிறது.

குளவியும் ஏமாற்றலாம், மகரந்தம் கொண்டுவராமல் முட்டை மட்டும் இட்டுவிடலாம். அதற்கும் பதில் இருக்கிறது. பனாமாவில் நடந்த சோதனைகளை 2010இல் வெளியிட்டார்கள். மகரந்தம் இல்லாத குளவிகளை வேண்டுமென்றே காய்க்குள் விட்டுப் பார்த்ததில், பல இனங்களில் மரம் அந்தக் காய்களைப் பிஞ்சிலேயே உதிர்த்துவிட்டது. உள்ளிருக்கும் குஞ்சுகள் காயோடு போயின. இப்படி ஒருவரையொருவர் கண்காணித்தபடியே இந்த உறவு சுமார் ஏழரைக் கோடி ஆண்டுகளாக நடந்து வருகிறது.

ஒரு மரத்துக்கு ஒரே ஒரு குளவி இனமா?

நெடுநாள் அப்படித்தான் சொல்லிவந்தார்கள். பொதுவாக உண்மைதான்: ஆலின் குளவி அரசுக்கு உதவாது. ஆனால் மரபணுவைப் பார்க்கத் தொடங்கிய பிறகு, ஒரே மரத்துக்கு இரண்டு மூன்று குளவி இனங்கள் இருப்பது பல இடங்களில் தெரிய வந்திருக்கிறது.

இத்தனை சின்னப் பூச்சி அடுத்த மரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வாசனையால். குளவியை ஏற்கத் தயாராக இருக்கும் காய்கள் அந்த இனத்துக்கே உரிய மணக்கலவையை வெளிவிடுகின்றன. குளவி மரத்தின் உச்சிக்கு மேலே எழும்பிக் காற்றில் மிதந்து போகும். மணம் தட்டுப்பட்டதும் இறங்கும். பெரும்பாலானவை வழியிலேயே சாகும். ஆனால் சில, நம்ப முடியாத தூரம் போகின்றன. நமீபியப் பாலைவனத்தில் ஓர் ஆற்றங்கரையில் தனித்தனியாக நின்ற அத்திமரங்களின் விதைகளை மரபணுச் சோதனை செய்தபோது, மகரந்தம் 160 கி.மீ. தொலைவிலிருந்துகூட வந்திருந்தது. 2009இல் வெளியான ஆய்வு இது. சுமந்து வந்த பூச்சியின் ஆயுள் இரண்டு நாள்.

காட்டுக்கு இதனால் என்ன?

இங்கேதான் விஷயம் பெரிதாகிறது. ஒரு ஆலமரத்தில் காய்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஒரே பருவத்தில் இருக்கும். மகரந்தத்தோடு வெளியே வரும் குளவிக்குத் தாய்மரத்தில் இடமில்லை. அங்கே எல்லாக் காயும் பழுக்கப்போகிறது. பிஞ்சு நிலையில் இருக்கும் வேறொரு மரம் எட்டும் தூரத்தில், அதுவும் அன்றைக்கோ மறுநாளோ வேண்டும். மாமரம்போல எல்லா ஆலும் சித்திரையில் சேர்ந்து காய்த்தால் குளவி இனமே அந்த வருஷம் முடிந்துபோகும். ஆகவே மரங்கள் முறைவைத்ததுபோல ஆளுக்கொரு மாதத்தில் காய்க்கின்றன. ஆண்டு முழுவதும் எங்கோ ஒரு மரத்தில் பழம் இருந்துகொண்டே இருக்கிறது.

குளவியின் இரண்டு நாள் ஆயுளுக்காக ஏற்பட்ட இந்த முறைதான் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் பஞ்சகாலத்துச் சோறு. மற்ற பழங்கள் இல்லாத மாதங்களில் காடு அத்தியை நம்பி ஓடுகிறது. பெருவில் மனு தேசியப் பூங்காவில் ஆய்வு செய்த ஜான் டெர்போர்க் 1986இல் இதை எடுத்துச் சொல்லி, அத்திகளை அந்தக் காட்டின் அச்சாணி என்றார். அச்சாணி இனம் என்ற கருத்து அதற்கு முன்பே கடற்கரையில் பிறந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையில் ராபர்ட் பெயின் 1963இல் ஒரு பாறையிலிருந்து நட்சத்திர மீன்களை மட்டும் அகற்றிப் பார்த்தார். சிப்பிகள் பெருகிப் பாறையை அடைத்து, மற்ற பல உயிர்களை வெளியேற்றிவிட்டன. எண்ணிக்கையில் கொஞ்சமாக இருந்தும், எடுத்துவிட்டால் மொத்த அமைப்பும் குலையும் உயிர் எதுவோ அது அச்சாணி.

அத்திக் குடும்பத்துப் பழங்களைத் தின்னும் பறவை, பாலூட்டி இனங்களை 2001இல் தொகுத்தபோது 1,274 வந்தது. நம் பக்கத்தில் யார் யார் என்று பார்க்க ஆனைமலைக்குப் போக வேண்டியதில்லை. பழுத்த அரசமரத்தடியில் காலையில் அரைமணி நேரம் நின்றால் போதும். குயில், மைனா, குக்குறுவான், பச்சைப்புறா, அணில். இரவில் வௌவாலும் மரநாயும். காட்டில் என்றால் மலை அணில், சிங்கவால் குரங்கு, கீழே விழுந்ததைப் பொறுக்க மான், கரடி.

இவர்களோடு, பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கோடைக்கு முன்னால் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு கீற்று இடைவெளிதான் மிச்சம். மூன்று மாதத்துக்கு மேல் அது உள்ளே. அத்தனை நாளும் ஆண் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். ஊட்டுவதில் பெரும்பகுதி அத்தி, ஆல், இச்சிப் பழங்கள். இவற்றில் சுண்ணாம்புச் சத்து மற்ற பழங்களைவிட அதிகம். முட்டைக்கும் குஞ்சின் எலும்புக்கும் அது வேண்டும். ஆனைமலையில் பொந்துள்ள பெரிய மரங்களைக் காப்பாற்றிவிட்டு அத்திமரங்களை விட்டுவிட்டால், வீடு இருக்கும், அடுப்பு எரியாது.

எல்லாக் காட்டிலும் அத்தி அச்சாணிதானா?

இல்லை. காபோன் நாட்டுக் காட்டில் சோதித்துப் பார்த்து 1989இல் வெளியிட்டார்கள்: அங்கே அத்திமரங்கள் மிகவும் அரிதாக, தள்ளித்தள்ளி இருந்தன, விலங்குகள் அவற்றை நம்பி வாழவில்லை. ஓரிடத்தில் அச்சாணியாக இருப்பது இன்னோரிடத்தில் சாதாரண ஆணியாக இருக்கலாம். எந்த மரம் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது, வேறு என்ன பழம் கிடைக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

குளவி இல்லாமல் போனால் மரம் செத்துவிடுமா?

மரம் சாகாது, வாரிசு வராது. கலிபோர்னியாவில் நடந்தது நல்ல உதாரணம். ஸ்மிர்னா அத்தியின் உலர்பழத்துக்கு ஆசைப்பட்டு 1880களில் துருக்கியிலிருந்து நாற்றுகளைக் கொண்டுவந்து நட்டார்கள். மரம் தழைத்தது, காய் மட்டும் பிஞ்சிலேயே உதிர்ந்தது. விற்றவர்கள் மட்டமான நாற்றைத் தள்ளிவிட்டார்கள் என்றே சிலர் சந்தேகப்பட்டார்கள். ஜார்ஜ் ரோடிங் என்பவர் காட்டு அத்தியோடு குளவியையும் வரவழைத்து, 1899இல் ஃபிரெஸ்னோவில் அது நிலைகொண்ட பிறகுதான் பழம் கிடைத்தது. காட்டு அத்திக் காய்களைத் தோட்டத்து மரத்தில் தொங்கவிடும் வழக்கத்தைப் பண்டைய கிரேக்கர்களே எழுதிவைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் சற்றுச் சிரிப்பு வரும்.

தலைகீழாகவும் நடக்கும். ஆசியாவைச் சேர்ந்த சிற்றிலை ஆல் ஒன்றை அழகுக்காக ஹவாயிலும் ஃபுளோரிடாவிலும் நட்டிருந்தார்கள். குளவி இல்லாதவரை அது நட்ட இடத்தில் நின்றது. ஹவாயில் குளவியை வேண்டுமென்றே கொண்டுவந்தார்கள். ஃபுளோரிடாவுக்கு அது தானாக வந்து சேர்ந்தது. அதன்பிறகு பறவைகள் விதையை எங்கும் பரப்ப, சுவரிலும் பாலத்திலும் பிற மரங்களிலும் முளைத்து இன்று அது களை.

வறட்சியும் சூடும்தான் எனக்குக் கவலை தருபவை. 1998இன் தொடக்கத்தில் எல் நினோவால் போர்னியோவில் கடும் வறட்சி. சரவாக்கின் லம்பிர் மலைக்காட்டில் ஆண், பெண் தனித்தனியான அத்திகள் காய்ப்பதை நிறுத்தின. இடைவெளி சில வாரங்கள்தான், ஆனால் குளவிக்கு அது பல தலைமுறை. அப்பகுதியில் பல குளவி இனங்கள் அற்றுப்போயின. மழை வந்து மரங்கள் மறுபடி காய்த்தபோது உள்ளே போக ஆளில்லை. சிங்கப்பூரில் நடந்த சோதனையில், வெப்பம் சில டிகிரி கூடினாலே குளவிகளின் ஆயுள் வெகுவாகக் குறைந்தது. நாள்கணக்கில் வாழ்கிற உயிருக்குச் சில மணி நேரம் குறைவது பெரிய இழப்பு.

பனைமரத்தின் மேல் ஆல் முளைப்பது ஏன்?

பறவையின் எச்சத்தால். பனையில் அமர்ந்த காக்கையோ மைனாவோ விட்ட எச்சம் பழைய மட்டையின் இடுக்கில் தங்குகிறது. அங்கே தூசியும் ஈரமும் சேர்ந்திருக்கும். ஆல விதை கடுகைவிடச் சிறியது. வயிற்றைக் கடந்தும் முளைக்கும். முளைத்த கன்று வேரைப் பனையைச் சுற்றிக் கீழே இறக்கி, மண்ணைத் தொட்டதும் விறுவிறுவென்று வளர்கிறது. அடர்காட்டில் இது புத்திசாலித்தனம்: தரையில் வெயில் கிடைக்காது, எனவே மேலேயே பிறந்துவிடுவது. அங்கே அணைத்துக்கொண்ட மரம் பல ஆண்டுகளில் வெளிச்சமும் இடமும் இழந்து சாவதுண்டு. உள்ளே வெற்றிடமும் வெளியே வேர்ப்பின்னலுமாக அத்தி நிற்கும். அந்த வெற்றிடத்தில் வௌவால், பல்லி, பாம்பு குடியேறும்.

நம்மூரில் இரண்டும் சேர்ந்து பல காலம் நிற்பதைக் காணலாம். ஆலும் பனையும் கட்டிக்கொண்டு நிற்கும் இடத்தைக் கோயிலாக்கி விளக்கேற்றுகிறோம். பனைக்கு அதில் சம்மதமா என்று யாரும் கேட்பதில்லை.

அத்திக்காய்க்குள் குளவி தவிர வேறு யாராவது உண்டா?

ஒரு ஊரே உண்டு. மகரந்தம் கொண்டுவராத வேறு குளவிகள் இருக்கின்றன. நீண்ட ஊசியால் வெளியிலிருந்தே காயைத் துளைத்து முட்டையிடும். சில பூவைத் தின்னும், சில மற்ற குளவிக் குஞ்சைத் தின்னும். நாட்டு அத்தியின் தண்டில் கொத்துக்கொத்தாகக் காய்த்திருக்கும்போது நெருங்கிப் பார்த்தால், பின்பக்கம் நூல்போல வால் நீட்டிக்கொண்டு காய்மேல் அலைவது இவைதான். இவற்றைப் பிடிக்க எறும்புகள் காவல் நிற்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ரெனே போர்ஜஸ் குழுவினர் நாட்டு அத்தியை நீண்டகாலமாக ஆராய்கிறார்கள்; வேட்டையாடும் எறும்புகள் காயின் மணத்தையும் குளவியின் மணத்தையும் உணர்ந்து நடந்துகொள்கின்றன என்று அவர்கள் காட்டியிருக்கிறார்கள். இதற்கு மேல், குளவியின் உடம்பில் தொற்றிக்கொண்டு காய்க்குக் காய் பயணம் போகும் நுண்புழுக்கள். ஓசிப் பயணம்தான்.

ஒன்றுமில்லாத நிலத்தில் அத்தி ஒரு காட்டை உருவாக்குமா?

தனியாக அல்ல, ஆனால் தொடங்கிவைக்கும். 1883 ஆகஸ்டில் கிரகடோவா எரிமலை வெடித்தபோது மிஞ்சிய தீவுத்துண்டுகளைச் சாம்பல் மூடியது. காடு என்று எதுவும் மிச்சமில்லை. ஜாவா, சுமத்ரா கரைகள் சுமார் 40 கி.மீ. தூரம். சில பத்தாண்டுகளுக்குள் அங்கே அத்திகள் வந்துவிட்டன. விதையைக் கொண்டுவந்தவை பறவைகளும் வௌவால்களும். காற்றில் வந்தவை குளவிகள். இரண்டும் தனித்தனியாகக் கடலைக் கடந்து வந்து சேர்ந்தது வியப்புதான். மரம் பழுத்ததும் இன்னும் பறவைகள் வந்தன, அவற்றின் வயிற்றில் பிற காட்டு மரங்களின் விதைகளும் வந்தன. இன்று அந்தத் தீவுகளில் 20க்கும் மேற்பட்ட அத்தி இனங்கள் உள்ளன. அழிந்த காட்டை மீட்க நினைப்பவர்கள் முதலில் அத்தி நடுவதும் இந்தக் காரணத்தால்தான்: மற்ற விதைகளைப் பறவைகளே சுமந்து வரும்.

பழந்தின்னி வௌவால் தோட்டத்தை நாசமாக்குகிறதே?

கொய்யாவில் இழப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விதையைத் தொலைவுக்குக் கொண்டுபோவதில் பறவையைவிட அது கெட்டி. வெட்டவெளியைத் தாண்டிப் பறந்துகொண்டே எச்சமிடும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் எலி, காக்கையோடு தீங்குயிர்ப் பட்டியலில்தான் நெடுங்காலம் இருந்தது. 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியலே நீங்கியது. தோட்டத்துக்கு வலை கட்டுங்கள். ஆனால் தொங்கினால் சிக்கிக்கொள்ளும், இழுத்துக் கட்டுங்கள்.

சாலை அகலப்படுத்த ஓர் ஆலமரத்தை வெட்டி, பதிலுக்குப் பத்துக் கன்று நட்டால் கணக்கு சரியாகிவிடுமா?

கன்று எது என்று முதலில் கேட்க வேண்டும். புங்கனும் வேம்பும் நல்ல மரங்கள்தான், ஆனால் ஆல் செய்யும் வேலையைச் செய்யா. ஆலே நட்டாலும் நன்றாகக் காய்க்கப் பல ஆண்டு ஆகும். அதுவரை அந்த வட்டாரத்தின் முறையில் ஒரு மாதம் விட்டுப்போகிறது. ஒரு மரம் போனால் ஒன்றும் தெரியாது. ஒரு சாலையோரத்தின் ஆல்களை மொத்தமாக எடுத்தால், மிஞ்சியவற்றின் குளவிகளுக்கும் போக இடமில்லாமல் போகலாம்.

முடிந்தால் பெயர்த்து நடுங்கள். ஆல், அரசு, அத்திகள் வேர்விடும் சக்தி மிகுந்தவை. கிளைகளைக் கழித்துப் பெயர்த்து நட்டுப் பிழைத்தவை பல. விழுது ஊன்றிய ஆல் தாய்த்தண்டு போனாலும் நிற்கும். சென்னை அடையாறு பிரம்மஞான சபை ஆலின் தாய்த்தண்டு 1989 புயலில் சாய்ந்தது, மரம் இன்னும் இருக்கிறது. கண்மாய்க்கரையில் போத்து (நடுவதற்காக வெட்டிய கிளை) நடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: எல்லாப் போத்தையும் ஒரே மரத்திலிருந்து வெட்டாதீர்கள். வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு மாதங்களில் காய்க்கும் மரங்களாகப் பார்த்து எடுங்கள்.

வீட்டுச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. விட்டுவிடலாமா?

கூடாது. இரண்டு மூன்று இலை இருக்கும்போதே, மழை பெய்து சுவர் ஊறியிருக்கும் நாளில் பொறுமையாக இழுத்தால் வேரோடு வரும். வேர் அறுந்து உள்ளே தங்கினால் மறுபடி துளிர்க்கும். தொடர்ந்து கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பிடுங்கியதை எறியாதீர்கள். ஒரு பையில் மண்ணோடு வைத்து ஒரு வருஷம் தேற்றி, வீடும் கிணறும் குழாயும் இல்லாத புறம்போக்கிலோ ஊருணிக் கரையிலோ, ஊராரைக் கேட்டுக்கொண்டு ஐப்பசி மழைக்கு முன் நடுங்கள். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீரும், ஆட்டுக்கு எட்டாதபடி முள்வேலியும் வேண்டும்.